‘மூதோஸ்’ என்றால் கட்டுக்கதையா, தொன்மமா?

கேள்வி: சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை ஓர் ஆங்கில நூல் ‘மித்’ என்கிறது. அதைக் ‘கட்டுக்கதை’ என்று தமிழில் சொல்லிவிட்டேன். வகுப்பில் பெரிய சண்டை. இந்தச் சொல் பைபிளிலேயே இருக்கிறது என்கிறார்கள். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: சண்டை வந்ததில் வியப்பில்லை. அந்தச் சொல் பைபிளில் இருப்பது உண்மைதான், ஆனால் உங்கள் நூல் சொல்லும் பொருளில் இல்லை.

‘மித்’ என்பதன் மூலம் ‘மூதோஸ்’ என்ற கிரேக்கச் சொல். புதிய ஏற்பாட்டில் அது 5 இடங்களில் வருகிறது: 1 தீமோத்தேயு 1:4, 4:7, 2 தீமோத்தேயு 4:4, தீத்து 1:14, 2 பேதுரு 1:16. ஐந்திலும் பன்மை, ஐந்திலும் வசை. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைக் ‘கட்டுக்கதைகள்’ என்றது சரியே. உடனே சீயஸ், அப்பொல்லோ போன்ற கிரேக்கத் தெய்வங்களின் கதைகளைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தீத்துவில் அவை ‘யூதருடைய கட்டுக்கதைகள்’. 1 தீமோத்தேயு 1:4-இல் முடிவில்லாத வம்சவரலாறுகளோடு சேர்ந்து வருகின்றன. சபைக்குள் புகுந்த போதகர்களோடுதான் அங்கே வழக்கு.

1 தீமோத்தேயு 4:7-இல் ‘கிழவிகள் பேச்சு’ என்று வருகிறதே, அது கிரேக்கர்களின் பழைய ஏளனம். பிளேட்டோவிலேயே இருக்கிறது. (பாட்டிகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.) வேடிக்கை என்னவென்றால், 2ஆம் நூற்றாண்டில் கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் இதே ஏளனத்தைத் திருப்பி வீசினார். மண்ணால் செய்த மனிதன், விலா எலும்பிலிருந்து பெண், பேசும் பாம்பு, இதெல்லாம் கிழவிகளுக்குச் சொல்லும் மூதோஸ் என்றார். ஆக, ஆதியாகமத்தை அப்படி அழைத்து நடந்த சண்டை உங்கள் வகுப்பில் தொடங்கியதல்ல.

சுமார் கி.பி. 248இல் ஓரிகன் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் அதற்குப் பதில் எழுதினார். கிரேக்கக் கதையின் முதல் பெண்ணான பண்டோராவைப் பற்றிக் கவிஞர் எசியோட் பாடியதற்கு மட்டும் உள்ளர்த்தம் தேடுகிறீர்கள், மோசே எழுதியதில் ஏன் தேடக்கூடாது என்று மடக்கினார். என் பார்வையில், அந்தச் சண்டையில் மிகக் கூர்மையான கேள்வி அதுதான். கதை வடிவில் இருப்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஆனால் ‘மூதோஸ்’ என்ற பெயரைத் தங்கள் வேதத்துக்கு ஏற்க அன்றைய கிறிஸ்தவர்கள் தயாராக இல்லை. ஓரிகனுக்கு முன்பே யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ‘நாங்கள் வெறும் கதைகளை நம்பவில்லை’ என்று யூதரான திரிபோவிடம் சொல்லியிருந்தார்.

இன்னொரு பக்கம், ‘மூதோஸ் என்றால் வெறும் சொல்தான், தப்பான அர்த்தமே கிடையாது’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஹோமரிடம் அது பேச்சு, உரை என்ற பொருளில் வருவது உண்மை. அரிஸ்டாட்டிலுக்கு அது நாடகத்தின் கதைப்பின்னல். ஆனால் ஹோமரின் பொருளைப் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட தீமோத்தேயுவுக்குள் திணிக்க முடியாது. அந்தச் சமாதானத்தை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் ஆங்கில நூலின் ‘மித்’ மூன்றாவது ரகம். 1835இல் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராவுஸ் இயேசுவின் வாழ்க்கை பற்றி எழுதிய ஜெர்மன் நூலும், 1941இல் இன்னொரு ஜெர்மன் இறையியலாளரான ருடால்ஃப் புல்ட்மானின் கட்டுரையும் அதை இறையியலில் பெரிய விவாதமாக்கின. அங்கே அது ஓர் ஆய்வுச் சொல். ஒரு சமூகம் கடவுளையும் உலகையும் பற்றிய தன் நம்பிக்கையைக் கதையாகச் சொல்லும் விதத்தைக் குறிக்கும். அந்த ஆய்வு முடிவுகளை நீங்கள் ஏற்கிறீர்களா இல்லையா என்பது தனிக் கேள்வி.

ஆகவே, ஆய்வு நூலில் வரும் ‘மித்’தை ‘தொன்மம்’ என்று சொல்லுங்கள். தமிழ் இலக்கிய விமர்சனத்தில் பழகிய சொல். பொய் என்ற வாடை அதில் இல்லை. ‘புராணம்’ வேண்டாம், அது வேறொரு நூல்வகையின் பெயர். ‘கட்டுக்கதை’யை அந்த ஐந்து வசனங்களுக்கே விட்டுவிடுங்கள். அடுத்த வகுப்பில் இரண்டு சொற்களையும் பலகையில் எழுதி, முதலில் 1 தீமோத்தேயு 4:7-ஐ வாசிக்கச் சொல்லி, அப்புறம் கெல்சுஸ் கதைக்கு வாருங்கள்.