43 வயதில் +2 எழுத ஆசை. "இனிமே படிச்சு என்ன ஆகப் போகுது" என்கிறார்கள். என்ன செய்வது?

கேட்ட சகோதரி பாபநாசம் பக்கம் என்று எழுதியிருக்கிறார். பத்தாவது பாஸ், இரண்டு பிள்ளைகள். வீட்டில் சொல்வது ஒரு பக்கம், "இந்த வயசில் மண்டையில் ஏறுமா" என்ற பயம் இன்னொரு பக்கம்.

எழுதுங்கள், சகோதரி. நான் பத்தாவது முடித்தது 1990. +2 எழுதியது 2015. நடுவில் 25 வருடம் கல்யாணம், பிள்ளைகள், மாமனார் படுக்கை, ஒன்பது மா நிலம் என்று போய்விட்டது. ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில்.

மண்டையில் ஏறுமா என்பதை முதலில் சொல்கிறேன். ஆரம்பித்த இரண்டு மாதம் எனக்கு எதுவுமே ஏறவில்லை. ஒரு பாராவை மூன்று தடவை படிப்பேன், நெற்றி வலிக்கும், மூடி வைத்துவிடுவேன். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுத நாள் உண்டு. என் மகன்தான் கவனித்துக் கேட்டான்: "அம்மா, புத்தகத்தை ஏன் அவ்வளவு தள்ளிப் பிடிச்சுப் படிக்கிற?" வெள்ளெழுத்து. மன்னார்குடியில் கண்ணாடி வாங்கி வந்த ராத்திரி, பொருளியலில் ஒரு பாடத்தை எழுந்திருக்காமல் முடித்தேன். நாற்பதைத் தாண்டிப் புத்தகத்தை எடுப்பவர்கள் மூளையைச் சந்தேகப்படும் முன் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

கண்ணுக்கு அடுத்தது கை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 25 வருடமாகப் பால் கணக்கும் மளிகைச் சீட்டும் தவிர எதுவும் எழுதாத கை, மூன்று மணி நேரம் எழுதாது. முதல் தடவை பொருளியலில் ஒரு மணி நேரம் தாண்டியதும் கட்டைவிரல் மடங்கிக்கொண்டது. விடை முழுக்கத் தெரிந்தும் பெரிய கேள்வி ஒன்றை எழுதாமலே பேப்பரைக் கொடுத்தேன். அதுவும் ஆங்கிலமும் போயின. அதன் பிறகு தினமும் கடிகாரத்தை எதிரே வைத்து நாளிதழ்த் தலையங்கத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் அரைமணிக்கு ஒன்றரைப் பக்கம் வந்தது, இரண்டு மாதத்தில் நான்கு பக்கம். மறுபடி எழுதியபோது இரண்டும் பாஸ்.

நேரம் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து படி என்று ஊரெல்லாம் சொல்வார்கள். நமக்கு நேரத்தைத் தருவதும் பறிப்பதும் வெள்ளாமை. பொதுத்தேர்வு மார்ச்சில், சம்பா அறுப்பு தையிலும் மாசியிலும். நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல் இருக்க வேண்டும். நான் படுதா போட்ட குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வரலாறு முடித்தேன். அறுப்போடு அறுப்பாகப் படிக்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். நடவும் களையெடுப்பும் முடிந்து அடைமழை பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் நமக்குப் படிப்புக்காலம். பாடத்தின் பெரும்பகுதியை அந்த மூன்று மாதத்தில் முடித்துவிட வேண்டும்.

பிறகு 2016இல் தொலைநிலையில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். சனி, ஞாயிறு தொடர்பு வகுப்புக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும் நேரமெல்லாம் இலக்கணம் படிக்கக் கிடைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது ஓடு பறந்து, எழுதி வைத்திருந்த நோட்டெல்லாம் ஊறிப்போயின. தாள் தாளாகப் பிரித்துத் துணிக்கொடியில் காயப்போட்டோம். என் மாமியார்தான் கிளிப் மாட்டினார்.

"படிச்சு என்ன ஆகப் போகுது" என்று முதலில் கேட்டவரும் அவர்தான். அப்போது என்னிடம் பதில் இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊர்ச் சிவன் கோயில் சோழர் காலத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை அங்கே விளக்கு ஏற்றுகிறேன். சுவரின் அடிப்பகுதி முழுக்க எழுத்து. தமிழ் எழுத்தென்று தெரிகிறது, படிக்க வரவில்லை. அதைப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பி.ஏ. முடித்த பிறகுதான் அதில் இறங்கினேன். கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசம் கிடையாது. வடசொல் வந்தால் கிரந்த எழுத்து நுழைந்துவிடும். நான் பழகிய வழி எளிது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரிய கோயிலுக்கானது. ஹுல்ச் என்ற ஜெர்மானியர் பதிப்பித்து 1891 முதல் வெளிவந்தது, இணையத்தில் கிடைக்கிறது. அச்சில் உள்ள வரி ஒன்றை எடுத்துக்கொண்டு, பெரிய கோயில் சுவரில் அதே வரியைத் தேடி எழுத்து எழுத்தாக ஒப்பிடுவேன். அங்கே எழுத்து மிகத் தெளிவு.

அப்புறம் எங்கள் ஊர்ச் சுவருக்கு வந்தேன். இரண்டு வெள்ளிக்கிழமை, கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ'யைத் தாண்ட முடியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு வரி பிடிபட்டது: 'சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு'. ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு. இடையர்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள்; அவர்கள் விளக்குக்கு நெய் அளக்க வேண்டும். செத்தது போக, கிழடானது போக, குட்டிகளால் கணக்கு எப்போதும் 96 ஆகவே நிற்க வேண்டும். அதனால் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. கொடுத்தவள் ஒரு பெண். பெயர் இருந்த இடம் சிதைந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற மாமியாரிடம் விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை வருஷம் இது மேலயா விபூதிக் கையைத் துடைச்சோம்" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் அந்த வரியை மட்டும் துடைத்தார்.

இப்போது உங்கள் காரியம். நான் எழுதிய காலத்தில் பத்தாவதை வைத்து நேராக +2 எழுத முடிந்தது, மொத்த மதிப்பெண் 1200. இன்று 600, தனித்தேர்வர் விதிகளும் மாறியிருக்கின்றன. அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் கேளுங்கள். எல்லாப் பாடமும் ஒரே மூச்சில் முடியாது என்று தோன்றினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. உச்ச வயது கிடையாது, ஐந்து வருடத்துக்குள் பாடம் பாடமாக முடிக்கலாம். "+2 வேண்டாம், பணம் கட்டினால் நேரா டிகிரி" என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள். அப்படி ஒருவரிடம் நான் 6000 ரூபாய் இழந்தேன். பின்னால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தால் பத்தாவது, +2, பட்டம் என்ற வரிசையைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வாரமே பத்தாவது சான்றிதழைத் தேடி எடுங்கள். அதில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் இருக்கும். எனக்கு அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆனது. புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் மழைக்காலம் முழுக்க உங்களுக்குப் படிக்கக் கிடைக்கும்.