நனோ ஆய்வுகூடத்தின் கதவை எப்போது தட்டலாம்?

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம் பயில்கிறேன். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்தவள். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நனோ தொழினுட்ப ஆய்வுகூடங்களில் மாணவர்களுக்கு இடம் உண்டா? அதற்கு இறுதி வருடம் வரை காத்திருக்க வேண்டுமா? வெளிநாட்டுப் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கலாமா?
– மாணவி ஒருவர், மஸ்கெலியா

பதில்: காத்திருக்க வேண்டாம், தங்கையே. நான்கு வருடப் பட்டத்தில் ஆய்வுச் செயற்றிட்டம் இறுதி வருடத்தில்தான் வரும் என்பது உண்மையே. ஆனால் அதற்கான மாணவரைத் தெரிவுசெய்யும் வேளையில், விடுமுறையிலும் வந்து கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, இரசாயனப் பொருள்களை நிறுத்துக் கொடுத்த பிள்ளையின் முகமே விரிவுரையாளரின் நினைவுக்கு முதலில் வரும். ஆகவே, உங்களுக்குப் பிடித்த துறையில் ஆய்வு செய்யும் ஒருவரிடம் நேரில் சென்று, வாரத்தில் ஓர் அரைநாள் வந்து உதவலாமா என்று கேளுங்கள். ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் உங்களுக்குத் தொலைவில் இல்லை. 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அந்நிறுவகத்தில், மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கான நனோமீற்றரால் அளக்கும் அளவுக்குச் சிறிய, சாயம் பூசிய நனோ துகள்களைக் கொண்டு சூரியக் கலங்களை அமைக்கும் ஆய்வு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது.

முதல் நாளே, ஒளிக்குப் பதிலாக இலத்திரன் கற்றையால் படமெடுக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் முன் அமர்த்திவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாதிரியை ஆயத்தப்படுத்தப் பழகுவதே முதற்பாடம், அதுவே பெரிய பாடமும்கூட. தேயிலைக் கொழுந்தின் துண்டொன்றைப் பார்க்க வேண்டுமாயின், முதலில் அதன் ஈரத்தை முற்றாக நீக்க வேண்டும். பின் கரி ஒட்டுநாடாவால் சிறிய அலுமினியத் தட்டில் ஒட்டி, அதன்மேல் சில நனோமீற்றர் தடிப்பில் பொன் படியச் செய்ய வேண்டும். இலை மின்னைக் கடத்தாததால், பொன்படலம் இல்லாவிடில் இலத்திரன்கள் அதன் மேலேயே தேங்கிப் படம் வெளிறிப் பாழாகும். சரியாகச் செய்தால், அம்மாவின் விரல்கள் நாள்தோறும் தொடும் அந்தத் துளிரின் அடிப்புறத்து உரோமங்கள் நாணற்காடு போல எழுந்து நிற்பதைத் திரையில் காண்பீர்கள். உலர்ந்த நனோ தூளைக் கையாளும்போது மட்டும் கவனம் தேவை: அது மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியது என்பதால், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடி அடைப்புக்குள் வைத்தே திறக்க வேண்டும்.

இத்துறை நம் மலைகளுக்கு அந்நியமானதும் அன்று. சரிவில் இட்ட யூரியா ஒரு பெருமழையில் கரைந்து ஓடையில் சேர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2008இல் உருவாகி ஹோமாகமையில் இயங்கும் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள், எலும்பிலும் பல்லிலும் உள்ள அதே ஐதரொட்சி அபதைற்று என்னும் கனிமத்தின் நனோ துகள்களோடு, ஒன்றுக்கு ஆறு என்ற நிறை விகிதத்தில் யூரியாவைப் பிணைத்து, நைதரசன் மெல்ல மெல்ல வெளியேறும் பசளையொன்றை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். அவர்கள் வயலில் நெல்லுக்கே அதைச் சோதித்தார்கள். தேயிலைச் சரிவிலும் அது பயன் தருமா என்ற கேள்வியைக் கேட்கத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவரைவிடப் பொருத்தமானவர் யார்?

வெளிநாட்டு வாய்ப்புகளில், அமெரிக்காவின் கோர்னெல் முதலான பல்கலைக்கழகங்களின் நனோ மையங்கள் இளநிலை மாணவருக்கு ஏறத்தாழ பத்து வாரக் கோடைப் பயிற்சி அளிக்கின்றன. அவற்றுள் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியில் நடப்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளோருக்கும் உரியவை. விண்ணப்பிக்கும் முன் தகுதி விதியைப் படித்துவிடுங்கள். அதைவிட, பேர்டியூ பல்கலைக்கழகம் நடத்தும் ‘நனோஹப்’ தளத்தில் பரிசோதனைகளைக் கணினியிலேயே செய்துபார்க்கும் பாவனையாக்கக் கருவிகளையும் விரிவுரைகளையும் மஸ்கெலியாவில் இருந்தபடியே இலவசமாகப் பயன்படுத்தலாம்.

ஆங்கிலத்தை எண்ணித் தயங்க வேண்டாம். ஆய்வுக் கொப்பியில் திகதி, நிறை, வெப்பநிலை, நீங்கள் கண்டது ஆகியவற்றை நாள்தோறும் நான்கே வரிகளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள், பிழையோடேனும். விரிவுரையாளரைச் சந்திக்கச் செல்லும்போது அந்தக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.