கார் ஷெட்டில் பெட்ரோல் வாடை: பெரிய ஃபேன் போட்டால் தீருமா?

கேள்வி: வீட்டோடு ஒட்டிய கார் ஷெட் எங்களுடையது. 18 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். முன்னால் ரோலிங் ஷட்டர். பின்சுவரில் உயரத்தில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. ஆனாலும் பெட்ரோல் வாடை ஹாலுக்கு வருகிறது. பெரிய ஃபேனாக மாற்றலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: மாற்றலாம், ஆனால் அது மட்டும் போதாது. ஷட்டரை இறக்கிவிட்டால் உங்கள் ஷெட்டுக்குள் காற்று வர வழியே இல்லை. உள்ளே வருகிற அளவுக்குத்தான் ஃபேனால் வெளியே தள்ள முடியும்.

சமையலறையில் சிம்னி ஓடும் நேரத்தில் வாடை கூடுகிறதா என்று கவனியுங்கள். மணிக்கு 1000 கன மீட்டருக்கு மேல் இழுப்பதாகப் பல சிம்னிகளில் போட்டிருக்கும். ஜன்னல்களை மூடியிருந்தால், அதற்கு வேண்டிய காற்று, ஹாலுக்கும் ஷெட்டுக்கும் நடுவே உள்ள ஷெட் கதவின் இடுக்கு வழியாகத்தான் வரும். 6 அங்குல ஃபேன் அதற்கு ஈடு கொடுக்காது. மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் கதவின் அடி இடுக்கில் பிடித்துப் பாருங்கள். ஹால் பக்கம் சாய்ந்தால் சந்தேகமே வேண்டாம். (பெட்ரோல் வாடை உள்ள இடத்தில் ஊதுபத்தி கொளுத்திச் சோதிக்கவே கூடாது.) சமைக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஷெட் கதவைச் சுற்றி ரப்பர் பீடிங், அடியில் டோர் சீல், பைப் நுழையும் ஓட்டைகளில் சிலிகான் - இவை ஃபேனைவிட முதலில் செய்ய வேண்டியவை.

இனி ஃபேன் கணக்கு. ஷெட்டின் கொள்ளளவு 1800 கன அடி, அதாவது சுமார் 51 கன மீட்டர். மணிக்கு 8 முறை காற்று மாற 410 கன மீட்டர் வேண்டும். டப்பாவில் ‘ஏர் டெலிவரி’ 500 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வலையும் மூடியும் கொஞ்சம் குறைத்துவிடும். அந்த அளவு காற்று தாராளமாக நுழைய 1 சதுர அடி திறப்பு தேவை. லூவரும் கொசுவலையும் பாதியை அடைத்துக்கொள்வதால் 2 சதுர அடியாக வையுங்கள்.

அந்தத் திறப்பு தரையிலிருந்து அரை அடிக்குள், ஷட்டர் பக்கம் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு படிந்து கிடக்கும். கீழே நுழையும் காற்று தரையை வழித்துக்கொண்டு போய்ப் பின்சுவர் ஃபேன் வழியாக வெளியேறும். ஷட்டரின் அடிப்பட்டைகளைத் துளையிட்ட பட்டைகளாக மாற்றித் தரச் சொன்னாலும் சரிதான். ஃபேனுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தால் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும், தரையில் ஒன்றும் அசையாது. ஃபேனைத் திருப்பி மாட்டி வெளிக்காற்றை உள்ளே ஊதவிடவும் கூடாது. வாடை முழுக்க ஹாலுக்குத்தான் போகும்.

சுவிட்சை ஹால் பக்கம் வையுங்கள். ஷெட்டுக்குள் இருக்கும் பிளக், இன்வெர்ட்டர் எல்லாம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே இருக்கட்டும். வண்டி வந்து நின்ற பிறகும் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகும். அரை மணி நேர டைமர் போட்டால் நல்லது.

இரவு முழுக்க நின்ற வண்டியிலும் காலையில் வாடை அடித்தால் அது காற்றோட்டக் குறை அல்ல, கசிவு. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, எரிபொருள் ஹோஸை எலி கடித்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பங்க்கில் ஆட்டோ கட்-ஆஃப் ஆன பிறகும் ‘ரவுண்டாகப்’ போடச் சொன்னால், ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே இறங்கிவிடும். பிறகு வாடை போகாது. தரையில் ஈரம் தெரிந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ஷட்டரைக் கையால் தூக்கி, வண்டியை வெளியே தள்ளுங்கள்.

கேள்வி: ஃபேன் ஓடும்போது, ஷட்டரைப் பாதி திறந்து எஞ்சினை ஐந்து நிமிடம் சூடாக்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. வாடை வரவில்லை என்பதை வைத்துப் பாதுகாப்பைக் கணிக்க முடியாது. மேலே சொன்ன ஃபேன் கணக்கு நிற்கிற வண்டிக்கானது, ஓடுகிற எஞ்சினுக்கு அல்ல. ஸ்டார்ட் செய்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். இன்றைய எஞ்சின்களை நிறுத்திச் சூடாக்கத் தேவையில்லை, முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். ஷெட்டை ஒட்டிய அறையில் யாராவது தூங்கினால் அங்கே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள்.