தனியாக உருள வருகிறது, துணை வீசினால் தோள் இடிக்கிறது

வணக்கம். தனியாக உருளும்போது சிக்கல் இல்லை, ஐகிடோவின் கைத்தென்நாகேயில் (கையைப் பிடித்து முன்னால் தள்ளி உருட்டிவிடும் வீச்சு) துணை தள்ளும்போது மட்டும் தோள்முனை பாயில் மோதுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதல் வருடம் இதேதான் நடந்தது.

தனியாக உருளும்போது எப்போது இறங்குவது என்பது உங்கள் கையில். துணை வந்ததும், தள்ளு வரட்டும் என்று உடம்பை விறைத்துக்கொண்டு நிற்கிறோம். அந்த நேரத்தில் முழங்கை மடங்கிவிடும், தோள் நேராகத் தரையைச் சந்திக்கும். தள்ளு வருமுன்பே முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்துங்கள். துணை பிடித்த கையை இழுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். பிடிபடாத மறு கைதான் உங்கள் சக்கரம். சுண்டுவிரல் பக்கம் முதலில் பாயைத் தொடட்டும். அங்கிருந்து முன்கை, தோளின் பின்புறம், முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு. பார்வை பெல்ட் முடிச்சில் இருந்தால் தலை தானாக உள்ளே வரும். மூச்சை வெளியே விடுங்கள், அது மிக முக்கியம்.

துணையிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "பாதி வேகத்தில், நான் தரையை நெருங்கும்வரை மணிக்கட்டை விடாதீர்கள்." ஒரு முழங்காலை ஊன்றிய நிலையிலிருந்து பத்து முறை, அப்புறம் நின்றபடி. உகேயின் (வீசப்படுபவர்) வேகத்துக்கு ஏற்பத்தான் நாகே (வீசுபவர்) வீச வேண்டும். நல்ல துணை இதற்குக் கோபப்படமாட்டார்.

ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்கவே வலித்தால், உருளுவதை நிறுத்திவிட்டு முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.