வலப்பக்க நாரி வலியும் ஒரு இரவுக் காய்ச்சலும்

மருதமுனையிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் பதினொரு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் பயம் ஒன்றுதான். வாப்பாவைப் போல உங்களுக்கும் கிட்னி பழுதாகி, டயலிசிஸுக்கு அலைய வேண்டி வந்துவிடுமோ என்று தூக்கம் கெட்டுப் போயிருக்கிறீர்கள்.

வாப்பாவின் கிட்னியைக் கெடுத்தது பல வருடச் சீனி வருத்தம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி மெல்ல மெல்லப் பழுதாகும் கிட்னி பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அந்த வருத்தத்தின் பொல்லாத குணம். நாரி உளைந்து காட்டிக்கொடுத்திருந்தால் எத்தனையோ பேரை நாங்கள் நேரத்தோடு பிடித்திருப்போம். ஆகவே மூன்று கிழமையாக வலப்பக்கம் வலிப்பதை வைத்து கிட்னி போய்விட்டது என்று முடிவுகட்ட இடமே இல்லை. கிட்னி எப்படி இருக்கிறது என்பதை இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளும் சலத்தில் புரதமும் பார்த்தால் தெரிந்துவிடும். வாப்பாவுக்குச் சீனி இருந்தபடியால் உங்களுக்கும் சீனியும் பிரஷரும் வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

விடியற்காலையில் சலம் மஞ்சளாகப் போவது இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காததால். குனியும்போது முதுகில் 'நறுக்' என்று சத்தம் கேட்பதை மறந்துவிடுங்கள். நள்ளிரவில் யூடியூப்பில் பார்த்த அந்தப் புற்றுநோய்க் கதையையும்தான். அதைச் சொன்னவர் உங்கள் முதுகைத் தொட்டுப் பார்த்தவரில்லை.

மூன்று கிழமை உளைவுக்குக் காரணம் பெரும்பாலும் தறிதான் என்று நினைக்கிறேன். கால் மாற்றி மிதித்து, ஒரே கையால் கயிற்றை இழுத்து, நாள் முழுக்க ஒரு பக்கமாகவே திரும்பி நெய்கிறீர்கள். திரும்பினால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அது தசைப்பிடிப்பின் குணம். கிட்னியில் கல் என்றால் அப்படி இராது. அலை அலையாக வந்து விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும், சத்தி வரும், எப்படிப் படுத்தாலும் ஆறாது, ஆளை ஒரு இடத்தில் இருக்கவிடாது. அக்கி என்றால் முதலில் ஒரு பக்கம் எரியும், இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் கொப்புளம் வரும்.

சரி, இனி நான் நின்றுபோன வரிக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில், மகனின் பள்ளிக்கூடக் கதைக்கு நடுவில் எழுதியிருக்கிறீர்கள்: 'போன வெள்ளி இரவு இரண்டு போர்வை போர்த்தும் நடுங்கியது, பனடோல் போட்டேன், விடிய விட்டுவிட்டது.' அதோடு சலம் போகும்போது எரிவாம். பதினொரு கேள்விகளில் இது இல்லையே, தங்கச்சி!

ஒரு பக்க நாரி வலியோடு நடுக்கக் காய்ச்சல் வந்தால், சலப்பையில் இருந்த கிருமி மேலேறி கிட்னியைத் தொட்டுவிட்டதோ என்று நாங்கள் முதலில் சந்தேகிப்போம். பெண்களுக்குச் சலக்குழாய் குட்டை என்பதால் இது அவர்களுக்கே அதிகம் வருகிறது. நேரத்தோடு பிடித்தால் அன்டிபயோட்டிக்கிலேயே சுகமாகும். ஆனால் உள்ளே ஒரு கல் வழியை அடைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பின்னால் சீழ் கட்டிவிடும். அப்போது மருந்து மட்டும் போதாது, அடைப்பை வடியவிட வேண்டும். தாமதித்தால் கிருமி இரத்தத்தில் பரவிவிடும், அதற்குச் சில மணி நேரமே போதும். (வயலில் இறங்குகிறவர் என்றால் எலிக்காய்ச்சலையும் சேர்த்து யோசித்திருப்பேன்.)

பனடோல் காய்ச்சலை மறைத்திருக்கிறது. மருந்துக்கடையில் பெயர் எழுதாத உறையில் வாங்கிப் போட்ட வலிக்குளிசை வலியை மறைத்திருக்கிறது. அது டைக்ளோபெனாக்காக இருந்தால், அந்த இனக் குளிசைகள் கிட்னிக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே குறைப்பவை. கிட்னிக்குப் பயந்துகொண்டு அதை நாளுக்கு இரண்டாக விழுங்கியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். தம்பியிடம் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கையும் தொடாதீர்கள். இரண்டு குளிசை போட்டாலே பரிசோதனையில் சலத்திலிருந்து கிருமி வளராமல் போய்விடலாம், அப்போது எது கிருமி என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது. நெருஞ்சி முள் அவித்துக் குடித்தும் இந்தக் கிருமி சாகாது.

நாளைக் காலையே போங்கள். கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, எது கிட்டவோ அங்கே போங்கள். வரிசை நீளமென்றால் 'நடுங்கிக் காய்ச்சல் வந்தது' என்பதை முதலில் சொல்லுங்கள், நாரி உளைவை அப்புறம் சொல்லலாம். சலப் பரிசோதனை, கிருமி வளர்ப்பு, கிரியேட்டினின், தேவைப்பட்டால் ஸ்கேன், எல்லாம் அரச வைத்தியசாலையில் இலவசம். மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமென்றால் மருந்தே மாறும்.

இன்று இரவே மறுபடி நடுங்கினாலோ, சத்தி நிற்காமல் எடுத்தாலோ, சலம் குறைந்துபோனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும். அந்தப் பெயரில்லாத குளிசை உறையையும் கையில் எடுத்துப் போங்கள்.