ஆங்கிலத்தில் அடிக்கடி ஜெயிலுக்குப் போய் வருபவரை 'ஓல்டு லேக்' என்கிறார்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது?

முதலில் உச்சரிப்பு: ஏரியைச் சொல்லும் லேக் இல்லை, 'ஸ்கூல் பேக்'கில் வரும் பேக் மாதிரி. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'அள்ளிக்கொண்டு போ, திருடு' என்ற பொருளில் ஒரு லேக் உண்டு. திருட்டுக் கும்பல்களின் பேச்சில் அதுவே 'நாடு கடத்து' என்று ஆனதாகச் சொல்வது வழக்கம்.

1811இல் லண்டனில் வந்த கொச்சைச் சொல் அகராதியில் லேக் என்றால் தீவாந்திர தண்டனை பெற்றவன். 'லேக் ஃபீவர்' என்றும் ஒன்று இருக்கிறது: ஹல்க் எனும் மிதக்கும் சிறைக்கு அனுப்பிவிடாமல் இருக்கக் கைதி போடும் காய்ச்சல் நாடகம்!

அடுத்த ஆண்டு, ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் கைதியாக இருந்த ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் ஒரு சொற்பட்டியல் தொகுத்தார். 1819இல் அச்சேறியது. அதில் 'ஓல்டு லேக்' தனிப் பதிவு. நாடு கடத்தப்பட்டு ஊர் திரும்பியவரை, ஆணோ பெண்ணோ, விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. ஆக, இந்த 'ஓல்டு' வயதைச் சொல்லவில்லை, 'முன்னாள்' என்கிறது. ரகசியத்துக்கும் காரணம் உண்டு. தண்டனைக் காலம் முடியுமுன் திரும்பி மாட்டினால் 1834 வரை மரண தண்டனை விதிக்கலாம். வாக்ஸும் அப்போதே இரண்டாம் முறை நாடு கடத்தப்பட்டவர்தான். பிறகு மூன்றாம் முறையும் போனார்.

பழக்கக் குற்றவாளி என்ற பொருள் வலுத்தது, என் கணிப்பில், கப்பல்கள் நின்றதால்தான். பிரிட்டனின் 1853, 1857 சட்டங்கள் நாடு கடத்தலுக்குப் பதிலாக உள்நாட்டிலேயே நீண்ட கடுங்காவலைக் கொண்டுவந்தன. கடைசிக் கைதிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் சேர்ந்தது 1868இல். 'லேகிங்' என்ற சொல் அந்தக் கடுங்காவலுக்கு மாறியது. குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, இடையில் 1864 முதல் 1891 வரை ஐந்து. ஓராண்டு போட்டால் அது வெறும் 'ஸ்ட்ரெச்', லேகிங் கணக்கில் சேராது. டார்ட்மூர் சிறையிலோ போர்ட்லண்ட் சிறையிலோ கல் உடைத்துவிட்டு வருபவன் கடல் தாண்டிப் போவதில்லை, பழைய தெருவுக்கே திரும்புகிறான், மறுபடி பிடிபடுகிறான்.

1908 சட்டம் இவர்களைக் குறிவைத்தது. 16 வயதுக்குப் பின் மூன்று முறை தண்டனை பெற்று, குற்றத்தையே பிழைப்பாக வைத்திருந்தால், கடுங்காவலுக்கு மேல் 5 முதல் 10 ஆண்டு தடுப்புக்காவல். டேவிட் டேவிஸ் என்ற முதியவர் தேவாலய உண்டியலில் 2 ஷில்லிங் திருடியதற்கு 3 ஆண்டும், அதற்கு மேல் 10 ஆண்டும் வாங்கினார். சிறை ஆடுகளை மேய்த்ததால் 'டார்ட்மூர் இடையர்' என்று பெயர். உள்துறை அமைச்சர் சர்ச்சில் அவரை விடுவித்துப் பண்ணை வேலையில் சேர்த்தார். சில நாளிலேயே ஆள் கம்பி நீட்டிவிட்டார்.

கடுங்காவலை 1948இல் சட்டம் ஒழித்தது. சொல் மட்டும் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் பாதிக் கேலி, பாதிப் பரிவோடு ஓடுகிறது. அதனால் 'கேடி' என்று பெயர்த்தால் காரம் கூடிவிடும். ஆஸ்திரேலியப் பள்ளிப் பையன்கள் 'லேக்' என்றால் கோள் மூட்டுவது, அதை இதோடு குழப்ப வேண்டாம்.