பத்தாயிரம் ரூபாயில் பிள்ளைக்கு ஒரு மூலை: கேள்வி பதில்

கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை பெற்ற வீடுகளுக்குள் ஆண்டுக்கணக்கில் போய்வந்ததில், வாங்கிக் குவித்தவற்றுள் எவை பயன்பட்டன, எவை பரண் ஏறின என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். திருச்சியில் ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. எதில் தொடங்குவது, அம்மா?

பதில்: குழந்தைக்குத் தனியறை இல்லையே என்று வருந்த வேண்டாம். முதல் ஆறு மாதங்களாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை உறங்குவதுதான் பாதுகாப்பு என்று குழந்தை நல மருத்துவர்களே சொல்கிறார்கள். கட்டிலை ஒட்டி ஆறடி இடம் கிடைத்தால் போதும். 2015-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தின் மதிப்பு 1,000 ரூபாய். துண்டு, சட்டை, சிறு மெத்தை, கொசுவலை, நகவெட்டி, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை உள்பட 16 பொருள்கள் அதில் இருந்தன. அந்தப் பட்டியலையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நீங்கள் சேர்க்க நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கு, குழந்தை உறங்கும் இடத்துக்கே போகட்டும்.

கேள்வி: தொட்டில் வாங்காமல் தூளி கட்டிக்கொள்ளலாம் என்கிறார் என் தாயார். கணவர் அஞ்சுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அழும் பிள்ளையை ஆற்றுவதற்குத் தூளியைப் போல் மலிவான கருவி வேறில்லை. ஒரு பழைய பருத்திப் புடவையும் ஒரு கொக்கியும் இருந்தால் முடிந்தது. ஆனால் பச்சிளங்குழந்தை வளைந்து கிடக்கையில் முகவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சுப் பாதை குறுகக்கூடும் என்பதால், பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கும்போது மட்டும் தூளி போதும். இரவில் கெட்டியான, சமதளமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

கொக்கியைச் சோதிக்காமல் பிள்ளையைப் போடக் கூடாது. என் மகளின் தலைப்பிள்ளைக்காகப் பழைய கொக்கியில் தூளி கட்டியபோது, முதல் நாள் இரவு அதில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டோம். காலையில் எழுந்தால் கூடமெங்கும் அரிசி. கொக்கியும் வளையமும் உரசும் இடத்தில் இரும்பு தேய்ந்து பாதியாகியிருந்ததும், மேலே துரு மூடியிருந்ததால் அது கண்ணில் படாததும் அப்போதுதான் தெரிந்தது. தூளியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேல் போக வேண்டாம். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், காலியான தூளியை அவிழ்த்து வைத்துவிடுங்கள். ஊஞ்சலாக நினைத்து முறுக்கி விளையாடும்போது புடவை கழுத்தைச் சுற்றி உயிரிழந்த சிறுவர்கள் உண்டு.

கேள்வி: உறவினர் ஒருவர் பழைய மரத்தொட்டில் தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், அளவுகோலோடு போங்கள். கம்பிகளுக்கிடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால், உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் கீழே இறங்கும் அமைப்புள்ள தொட்டில்களை அமெரிக்கா 2011-இல் தடை செய்தது. அத்தகையது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெயின்ட் உரிந்திருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

கேள்வி: தலை உருண்டையாக வர, கடுகுத் தலையணை கட்டாயமா?

பதில்: இல்லை. ஓராண்டு வரை எந்தத் தலையணையும் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், குப்புறக் கிடத்திப் பழக்குங்கள். சற்றுத் தட்டையான தலையும் பெரும்பாலும் தானே சீராகிவிடும்.

கேள்வி: டயப்பர் செலவை எப்படிக் குறைப்பது?

பதில்: துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட நான்கு முழ வேட்டியின் கரையை வெட்டி நீக்கினால் (சரிகை குழந்தையின் தொடையைக் கீறும்), ஏறக்குறைய இரண்டடிச் சதுரத்தில் ஆறு துணிகள் கிடைக்கும். ஐந்து வேட்டிகள் இருந்தால் முப்பது துணிகள் ஆயின. ஐப்பசி மழையில் துணி காயாத நாள்களையும் சேர்த்தே இக்கணக்கு. இரவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் மட்டும் டயப்பர் வாங்குங்கள். அதையும் முதலில் சிறிய பொட்டலமாக வாங்குங்கள், முதல் அளவு சில வாரங்களிலேயே சிறியதாகிவிடும்.

கேள்வி: அறையை அழகாக்க ஆசை. வண்ணமும் சுவர்ப்படங்களும் வைக்கலாமா, அக்கா?

பதில்: வையுங்கள், ஆனால் உங்கள் மகிழ்ச்சிக்காக வையுங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் தொலைவில் உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அது பெரும்பாலும் பால் கொடுக்கும் தாயின் முகமே. ஆகவே அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றும், கண் கூசாத இரவு விளக்கு ஒன்றும் வாங்குவதே என் தேர்வாக இருக்கும். இரவில் நாலு முறை எழுந்து உட்காரப் போகிறவர் நீங்கள்தானே! வண்ணம் பூசுவதென்றால் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள். பழைய பட்டுப்புடவையைத் திரைச்சீலையாகத் தைத்துக்கொள்ளலாம். படுக்கைக்கு நேர் மேலே சட்டமிட்ட படமோ கயிற்றில் தொங்கும் பொம்மையோ வேண்டாம்.

கேள்வி: நாத்தனார் வாக்கர் பரிசளிக்கப் போகிறார். மறுப்பது எப்படி?

பதில்: கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. உள்ளே அமர்ந்த குழந்தை கண்ணிமைக்கும் நேரத்தில் படிக்கட்டையோ அடுப்பையோ எட்டிவிடும், நடையும் விரைவில் வராது. அதற்குப் பதிலாக மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டியைக் கேளுங்கள். தானே எழுந்து நிற்கும் பருவத்தில் தள்ளிப் பழகும் வண்டி அது, நாத்தனாருக்கும் செலவு குறையும்.

கேள்வி: சொந்தக் காரில் குழந்தை இருக்கை தேவையா? பழையது வாங்கலாமா?

பதில்: தேவை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையோ இருக்கையோ இன்றி ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. இந்த ஒன்றைப் புதிதாகவே வாங்குங்கள். விபத்தில் சிக்கிய இருக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். கைக்குழந்தையின் முகம் காரின் பின்புறத்தைப் பார்த்தபடி அது பொருத்தப்பட வேண்டும்.

கேள்வி: குழந்தை பிறக்கும் முன் எதையும் வாங்கக் கூடாது என்கிறார் மாமியார்.

பதில்: அவர் மனம் நோக வேண்டாம். பழைய வேட்டிகளைத் துவைத்து, வெயிலில் காய வைத்து மடித்துக்கொள்ளுங்கள். அதை வாங்குவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மற்றவற்றைக் கடையில் பார்த்து, விலை கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பிறந்த மறுநாள் அவர் போய் வாங்கிவரட்டும்.